மன்றோவின் பட்டியலும் மக்தபின் பலகையும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி 1822ஆம் ஆண்டில் தொடங்கித் திரட்டப்பெற்ற கல்விக் கணக்கில், சென்னை நகருக்குரிய பட்டியல் ஒன்று இடம்பெற்றுள்ளது. நகரின் நாட்டுப் பள்ளிகளில் பயின்ற முஸ்லிம் சிறுவர் 143 பேர் என்று அது கூறுகிறது. அதே நகரில் வீட்டிலிருந்தவாறே கற்ற முஸ்லிம் சிறுவர் 1,690 பேர் என்று அதன் இன்னொரு பகுதி கூறுகிறது. பள்ளிக்குச் சென்றோரைவிட ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கினர் பள்ளிக்கு வெளியே கற்றிருக்கின்றனர். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

இப்பட்டியல்களை நம் காலத்தவர் கண்முன் கொணர்ந்தவர் காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் (1922-2006). அன்னாருடைய 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' என்ற ஆங்கில நூல் 1983இல் வெளிவந்தது. 'அழகிய மரம்' என்று பொருள்படும் அத்தலைப்பு, காந்தியடிகள் 1931 அக்டோபர் 20ஆம் நாள் இலண்டனில் ஆற்றிய உரையிலிருந்து எடுக்கப்பெற்றது. ஆங்கிலேயர் வருவதற்கு முன் இந்தியாவில் எழுத்தறிவு கூடுதலாக இருந்தது என்று அடிகள் அவ்வுரையில் கூறினார். வேரைப் பார்ப்பதற்காக மண்ணைத் தோண்டியவர்கள் அதனை மூடாமல் விட்டுச் சென்றதால் மரம் பட்டுப்போயிற்று என்பது அடிகள் காட்டிய உவமை. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்டாக் அதற்குச் சான்று கேட்டு மறுத்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னர், ஆவணங்களிலிருந்தே விடையளிக்க முற்பட்டார் தரம்பால். கலெக்டர்களின் கடிதங்களையும் பட்டியல்களையும் தொகுத்து அப்படியே அச்சேற்றியமை அந்நூலின் நிலைத்த பயன். அதன் முடிவுகளோடு மாறுபடுவோரும் அதன் ஏடுகளைப் புரட்டாமல் மேற்செல்ல இயலாது.

நாமும் அந்நூலை மதிப்போடு பயின்றவர்களே. எனினும் ராயபுரத்தில் இருந்துகொண்டு அதனை மீண்டும் வாசிக்கும்போது சில வினாக்கள் எழுகின்றன. மன்றோவின் காலத்தில் இவ்வூர் கறுப்பர் நகரின் வடக்கு மதிலுக்கு அப்பால் கடலோரத்தில் கிடந்த விளிம்பூர். 1856இல் இங்கிருந்து ஆர்க்காட்டுத் திசையில் புகைவண்டி ஓடத் தொடங்கியதும், 1875இல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கப்பெற்றதும் பின்னர் நிகழ்ந்தவை. அதற்கு முன் மசூலாப் படகுகளும் அவற்றை வலித்தோரும் மீன்பிடிப்போரும் சிறு வணிகருமே இக்கரையின் வாழ்வு. இதற்கும் வடக்கே திருவொற்றியூர், எண்ணூர், பழவேற்காடு என்று கடற்கரை நீள்கிறது. கோட்டையிலிருந்து விலகிச் செல்லச் செல்ல அதிகாரியின் கண்ணும் மங்கியே செல்லும். விளிம்பில் வாழும் மக்களின் கல்வியை நடுவிலிருந்து வருபவர் எவ்வாறு காண்கிறார் என்னும் வினா, ஆகவே, நம் தெருவின் வினாவும் ஆகும்.

மன்றோ எதனைக் கேட்டார் என்பதை முதலில் நோக்குவோம். 1822 ஜூன் 25ஆம் நாளிட்ட குறிப்பில், எழுதப் படிக்கக் கற்பிக்கும் பள்ளிகள் எத்தனை, அவற்றில் பயில்வோர் எத்தனை பேர், அவர்கள் எச்சாதியினர் என்று கலெக்டர்களிடம் அவர் வினவினார். பயிலும் நூல்கள், பயிலும் காலம், மாதச் சம்பளம், பொது நிதியிலிருந்து கிடைக்கும் உதவி ஆகியவற்றையும் கேட்டார். நாட்டுப் பள்ளிகளில் தலையிடுவது தமது நோக்கமன்று என்றும், மக்கள் தம் பள்ளிகளைத் தம் வழியிலேயே நடத்திக்கொள்ள விட்டுவிட வேண்டும் என்றும் அவர் எழுதினார். அக்கால ஆட்சியாளரிடையே இது அரிய மனப்பாங்கு. வருவாய் வாரியம் இதனைச் சுற்றறிக்கையாக்கி அனுப்ப, தாசில்தார்கள் வழியே செய்தி திரண்டு, 1825 வரை பதில்கள் வந்துகொண்டிருந்தன. கன்னட மாவட்டக் கலெக்டர் மட்டும் எண்களைத் தரவில்லை.

1826 மார்ச் 10ஆம் நாள் மன்றோ தம் முடிவுகளை எழுதினார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள். மக்கள் தொகை 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெண்கள் மிகச் சிலரே பயில்வதால் ஆண்களைக் கருதினால் ஐந்நூறு பேருக்கு ஒரு பள்ளி. ஐந்து முதல் பத்து வயது வரையிலான சிறுவரில் நான்கில் ஒரு பங்கினரே பள்ளியில் உள்ளனர் என்று கணக்கிட்ட அவர், வீட்டில் கற்போரையும் சேர்த்தால் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்று மதிப்பிட்டார். இங்கிலாந்தோடு ஒப்பிட இது குறைவே எனினும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சிறிது காலம் முன்பு வரை நிலவியதைவிட மேலானது என்றும் ஒப்புக்கொண்டார். தரம்பாலின் வாதத்திற்கு இவ்வொப்புதல் அடித்தளம். தமிழ் வழங்கும் மாவட்டங்களில் மாணவருள் சூத்திரரும் ஏனைய சாதியாரும் 70 முதல் 84 விழுக்காடு வரை இருந்தனர் என்பது அவர் கண்டெடுத்த இன்னொரு பேருண்மை. கல்வி உயர்குலத்தார்க்கு மட்டுமே உரியதாய் இருந்தது என்ற பொதுவான எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது.

இனி, அப்பட்டியலின் தலைப்புகளைக் கவனிப்போம். பிராமண மாணவர், வைசிய மாணவர், சூத்திர மாணவர், ஏனைய சாதியார், முஸ்லிம் மாணவர் என்று ஐந்து கட்டங்கள். முதல் நான்கும் குலத்தாற் பகுக்கப்பட்டவை. ஐந்தாவது சமயத்தாற் பகுக்கப்பட்டது. உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும், மரைக்காயரும் லெப்பையும் ராவுத்தரும் தக்கணியும் அந்த ஒரே கட்டத்துள் அடைபட்டனர். கப்பலோட்டிய குடும்பத்துப் பிள்ளையும் படைவீரன் மகனும் நெசவாளி மகனும் அங்கே ஒன்றாகவே எண்ணப்பட்டனர். எண்ணிக்கைக்கு இது வசதி. கல்வியின் தன்மையை அறிய விரும்புவோர்க்கோ இது திரை.

இத்திரையின் தன்மையைப் பெல்லாரி மாவட்டப் பட்டியல் நன்கு காட்டுகிறது. அங்குக் கலெக்டராக இருந்த காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை, எல்லா அறிக்கைகளிலும் விரிவானது. ஆசிரியரின் வறுமையையும் நெசவாளரின் வீழ்ச்சியையும் கூட மனம் திறந்து பேசுவது. அவர் கணக்கில் 533 பள்ளிகள், 6,641 மாணவர். அவற்றை மொழிவாரியாகவும் பிரித்தார்: ஆங்கிலம் 1, தமிழ் 4, பாரசீகம் 21, மராத்தி 23, தெலுங்கு 226, கன்னடம் 235. இவற்றிற்கு மேல் பிராமணர் மட்டுமே பயிலும் கல்வியிடங்கள் 23. கூட்டினால் 533 நிறைகிறது. வடமொழிக் கல்விக்கு இடமுண்டு. அரபிக்கு ஓரிடமும் இல்லை. முஸ்லிம் மாணவர் 243 பேர் என்கிறார். பள்ளிக்குச் சராசரி பன்னிரண்டு மாணவர் என்ற அவருடைய கணக்கின்படி, 21 பாரசீகப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 250 மாணவர் ஆவர். இவ்விரு எண்களும் இத்துணை நெருங்கி நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும், முஸ்லிம் கல்வி என்றால் பாரசீகக் கல்வி என்று கச்சேரியில் கொள்ளப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய எண்ணும் இதுவே. பாரசீகம் அரசாங்கத்தின் பழைய மொழி. அதனைக் கற்பித்த இடம் அதிகாரியின் கண்ணுக்குப் பள்ளியாகத் தெரிந்தது. பள்ளிவாசல் தாழ்வாரத்தில் லெப்பையின் முன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு குர்ஆன் ஓதிய பிள்ளைகளின் இடம் அவ்வாறு தெரிந்திராது என்றே நாம் கருதுகிறோம்.

இக்கருத்துக்கு வங்காளத்திலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. மன்றோவுக்குப் பத்தாண்டு கழித்து வங்காளத்துக் கல்வியை ஆராய்ந்த வில்லியம் ஆடம், பட்டியல் வரட்டும் என்று காத்திராமல் ஊர்களைத் தேடிச் சென்றவர். ராஜ்ஷாஹி மாவட்டத்து நாட்டோர் தாணாவில் அவர் தொடக்கப் பள்ளிகள் 27ஐயும் அவற்றில் 262 மாணவரையும் கண்டார். அவற்றுள் 11 அரபிப் பள்ளிகள். மாணவர் 42 பேர். அதே தாணாவில் 1,588 குடும்பங்கள் 2,382 பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பித்து வந்ததையும் அவர் எண்ணி எழுதினார். சென்னையைப் போலவே அங்கும் வீட்டுக் கல்வி பள்ளிக் கல்வியைப் பன்மடங்கு விஞ்சி நின்றது. அரபிப் பள்ளிகளைக் குறித்து ஆடம் கூறியதோ நம் சிந்தனைக்குரியது. கல்விக்கூடங்கள் என்ற அளவில் அவை பயனற்றவை, கருதத் தக்கவையல்ல என்று அவர் தீர்ப்பளித்தார்; மக்கள் மனத்தில் அவற்றுக்குப் பிடிப்பு உண்டு என்பதையும் உடன் சேர்த்தெழுதினார். நேரிற் சென்று பார்த்த நேர்மையாளரே இவ்வாறு கருதினார் எனில், கச்சேரியில் இருந்தபடி கணக்கெழுதியவர் அவற்றை விட்டுவிட்டதில் வியப்பில்லை. ஆடம் அவற்றை எண்ணினார், மதிக்கவில்லை. மற்றையோர் மதிக்கவில்லை, ஆதலின் எண்ணவுமில்லை.

ஓதற்பள்ளியில் நடந்தது வெறும் உச்சரிப்புப் பயிற்சிதானே, அதனைக் கல்வி என்று எவ்வாறு கொள்வது என்று வாசகர் சிலர் வினவலாம். நம்முள்ளேயே அவ்வாறு கருதுவோர் உளர். தமிழகக் கரையோரத்தைப் பொறுத்தவரை இதற்குத் தெளிவான விடை உண்டு. அரபி எழுத்தை அறிந்த பிள்ளைக்கு அரபுத்தமிழ் ஏடும் திறந்தது. தமிழை அரபி எழுத்தில் வரையும் அம்மரபில் தொழுகை விளக்கமும் சட்ட நூலும் மாலையும் மருத்துவமும் இயற்றப்பெற்றன. கீழக்கரை இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (1816-1898) போன்ற பெரியார்கள் அவ்வெழுத்திலேயே பெண்களுக்கும் எளியோர்க்கும் மார்க்கம் உரைத்தனர். திண்ணைப் பள்ளியின் வாசலை மிதியாத ஒரு பெண், தன் வீட்டு முற்றத்தில் ஓதக் கற்ற எழுத்தைக்கொண்டு தன் தாய்மொழியை வாசித்தாள். அவள் எழுத்தறிந்தவள் அல்லளோ? மன்றோவின் கட்டங்களுள் அவளுக்கு இடம் ஏது?

பெண் கல்வியைக் குறித்த எண்களும் இவ்வினாவையே எழுப்புகின்றன. பெல்லாரியில் பள்ளி சென்ற சிறுமியர் அறுபதின்மர், அனைவரும் இந்துக்கள். அதே ஆய்வில் மலபாரில் முஸ்லிம் சிறுவர் 3,196 பேர், முஸ்லிம் சிறுமியர் 1,122 பேர். ஒரே மாகாணம், ஒரே ஆளுநர், ஒரே வினாப்படிவம்; ஒரு மாவட்டத்தில் முஸ்லிம் சிறுமி ஒருத்தியும் இல்லை, மற்றொன்றில் ஆயிரத்துக்கும் மேல். மாப்பிள்ளைமாரின் வாழ்க்கைமுறை வேறு என்பது உண்மையே. எனினும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை வாழ்க்கைமுறையால் மட்டும் விளக்க முடியுமா? மலபாரில் ஓத்துப்பள்ளியையும் பள்ளி என்று கொண்டிருத்தலும் பெல்லாரியில் அவ்வாறு கொள்ளாதிருத்தலும் இவ்வேறுபாட்டில் பங்கு வகித்திருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதே.

இந்த இடத்தில்தான் தரம்பாலோடு நாம் மாறுபடுகிறோம். மலபாரில் 1,122 ஆக இருந்த முஸ்லிம் மாணவியர் தொகை, அறுபது ஆண்டுகள் கழித்து 1884-85இல் 705 ஆகக் குறைந்துவிட்டது என்று அவர் சுட்டிக்காட்டுகிறார். மக்கள் தொகை பெருகிய காலத்தில் மாணவியர் குறைந்தனர் எனில், அது ஆங்கிலேயர் ஆட்சியின் அழிவுக்குச் சான்று என்பது அன்னார் கருத்து. இரண்டு எண்களும் ஒரே பொருளை எண்ணியவையாக இருந்தால் அம்முடிவு சரியே. ஆனால் இடைப்பட்ட காலத்தில் 'பள்ளி' என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. 1854ஆம் ஆண்டுக் கல்வி ஆணைக்குப் பின்னர்க் கல்வித்துறையும் அதன் ஆய்வாளர்களும் தோன்றினர். மானியம் பெறவும் கணக்கில் ஏறவும் பாடத்திட்டம், வருகைப் பதிவேடு, ஆண்டுத் தேர்வு ஆகியவை வேண்டப்பட்டன. தேர்வில் தேறிய தலைக்கு இவ்வளவு என்று மானியம் அளக்கும் முறையும் இம்மாகாணத்தில் புகுந்தது. 1822இல் ஊரார் பள்ளி என்று அழைத்ததைக் கலெக்டர் எண்ணினார். 1884இல் துறை பள்ளி என்று ஏற்றதைத் துறை எண்ணியது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கழித்துப் பார்ப்பது பொருந்தாது. தேய்வு நிகழவேயில்லை என்று நாம் கூறவில்லை. அதனை அளக்க இந்த எண்கள் உதவா என்கிறோம்.

தரம்பால் கலெக்டரின் உள்நோக்கத்தை ஐயுற்றார். கலெக்டரின் கட்டங்களை ஐயுறவில்லை. ஆங்கிலேயர் தம் ஆட்சியின் சிறப்பைக் காட்ட முந்தைய நிலையைத் தாழ்த்தினர் என்று கருதிய அவர், அவர்தம் எண்களையே கொண்டு அவர்களை மறுத்தார். வாதத்திறன் என்ற அளவில் இது வல்லமை மிக்கது. ஆனால் எதிரியின் அளவுகோலை ஏற்றுக்கொண்டவன், அக்கோல் தொடாத இடங்களைப் பேசாமலே விட நேரிடும். வீட்டுக் கல்வியின் பெருந்தொகையை அவரும் எடுத்துக்காட்டுகிறார். அவ்வீடுகளின் உள்ளே எவர் எவருக்கு எதனைக் கற்பித்தார் என்பதை அவர் தொடரவில்லை.

சென்னைப் பட்டியலுக்கே மீள்வோம். வீட்டில் கற்ற சிறுவர்: பிராமணர் 7,586, வைசியர் 6,132, சூத்திரர் 7,589, ஏனைய சாதியார் 3,449, முஸ்லிம்கள் 1,690. ஆக 26,446. சிறுமியரையும் கூட்டினால் 26,963. பள்ளிகளில் பயின்றோரைவிட இது ஐந்து மடங்கு ஆதலால் மன்றோவே இதனை நம்பவில்லை. எங்கோ பிழை நேர்ந்திருக்கும் என்று எழுதினார். அவர் ஐயம் நியாயமாகவே இருக்கலாம். ஆகவே மொத்தத் தொகையை விடுத்து விகிதத்தை மட்டும் நோக்குவோம். நாட்டுப் பள்ளிகளில் பயின்ற சிறுவர் 5,109 பேரில் முஸ்லிம்கள் 143, அதாவது நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. வீட்டில் கற்றோரில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஆறுக்கும் மேல். முதற் பகுதியை மட்டும் படிப்பவர், கல்வியில் பின்தங்கிய சமூகம் என்று முடிவு கட்டுவார். இரண்டாவதையும் படிப்பவர் அத்தீர்ப்பை ஒத்திவைப்பார். ஒரே நகரம், ஒரே பட்டியல்; நம் பின்னடைவின் அளவு, நம்மைத் தேடியவர் எந்த வாசலில் நின்று தேடினார் என்பதைப் பொறுத்து இருமடங்கு மாறுகிறது.

வீட்டுக் கல்வி முஸ்லிம்களுக்கே உரிய தனித்தன்மை என்று பெருமை பாராட்டவும் இடமில்லை. பிராமணரிடையே அவ்விகிதம் இன்னும் மிகுதி. பள்ளியில் 358 பேர் இருக்க, வீட்டில் 7,586 பேர் கற்றனர். வேதம் ஓதிய வீடும் குர்ஆன் ஓதிய வீடும் இவ்வகையில் ஒத்த இயல்பின. மறையைத் தம் மரபாகக் கொண்டோர் அதனைச் சந்தைக் கல்வியோடு சேர்த்துவிடாமல் வீட்டோடு காத்தனர் என்று இதற்கு நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. வடமொழிக் கல்வியிடங்களைக் கலெக்டர்கள் தனித் தலைப்பிட்டு மரியாதையோடு எழுதினர். ஓதற்பள்ளிக்கு அத்தகைய தலைப்பு வாய்க்கவில்லை.

மற்றொரு சிக்கலையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தமிழ் முஸ்லிம் பிள்ளை ஒன்று விடியலில் ஓதற்பள்ளிக்கும் பகலில் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கும் செல்வது பழைய வழக்கம். அப்பிள்ளை பட்டியலில் ஒருமுறைதான் வரும். திண்ணைப் பள்ளியின் கணக்கில் வரும். அதன் விடியற்காலக் கல்வி எங்கும் பதிவாகாது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் இக்குழப்பம் தீரவில்லை. 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, பள்ளிக்குத் துணையாக அமையும் மக்தபையும் பள்ளிக்கு மாற்றாக அமையும் மதரஸாவையும் ஒன்றாகக் கருதுவது தவறு என்று விளக்க வேண்டியிருந்தது. முழுநேர மதரஸாவில் பயிலும் முஸ்லிம் பிள்ளைகள் மிகச் சிறு பகுதியினரே என்றும் அது காட்டியது. அதன் பின்னரும், மாலையில் தொப்பியணிந்து ஓதப் போகும் பிள்ளையைக் கண்டு, அப்பிள்ளை பள்ளிக்கூடமே போவதில்லை என்று எண்ணுவோர் எத்தனை பேர்!

அக்காலத்திலேயே வேறு விதமாகக் கணக்கெடுத்தோரும் உண்டு. மன்றோ ஆய்வு செய்த அதே ஆண்டுகளில் அயர்லாந்திலும் ஓர் ஆணையம் ஊர்ப்புறப் பள்ளிகளை எண்ணியது. வேலியோரங்களிலும் குடிசைகளிலும் கத்தோலிக்க ஏழைகள் தாமே நடத்திவந்த பள்ளிகள் அவை. அவ்வாணையம் அரசுத் திருச்சபைக் குருமாரிடமும் கத்தோலிக்கக் குருமாரிடமும் தனித்தனியே கணக்குக் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டது. ஆட்சி அங்கும் அயலாருடையதுதான். ஆயினும் எண்ணப்படும் மக்களின் சமயத் தலைவரிடமும் வினவ வேண்டும் என்று அதற்குத் தோன்றியது. சென்னை மாகாணத்தின் வினாப்படிவம் கலெக்டரிடமிருந்து தாசில்தாரிடம் சென்றதே தவிர, இமாமிடமும் கத்தீபிடமும் கேட்டுவரும்படி அது சொல்லவில்லை.

கட்டங்கள் இன்றிப் பார்த்தவர் எதனைக் காண இயலும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது. எழும்பூரில் 1789இல் படைவீரரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியை ஏற்றுக்கொண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல், தமிழ்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நிலைநாட்டி, 1797இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் பரவிற்று. சட்டாம்பிள்ளை முறை நம் திண்ணைப் பள்ளிக்கும் ஓதற்பள்ளிக்கும் பொதுவானது. கணக்கெடுக்க வந்தவர் காணத் தவறியதை, கற்றுக்கொள்ள வந்தவர் கண்டார்.

மன்றோவின் திட்டம் என்னவாயிற்று? ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக இரண்டு தலைமைப் பள்ளிகளும், தாசில் தோறும் ஒரு பள்ளியும் அமைக்க அவர் விரும்பினார். முஸ்லிம்கள் இந்துக்களில் இருபதில் ஒரு பங்கினர்கூட இலர் என்பதால், ஆர்க்காடு போன்ற சில மாவட்டங்கள் நீங்கலாக, மாவட்டத்துக்கு ஒரு முஸ்லிம் பள்ளி போதும் என்று எண்ணினார். 1827 ஜூலையில் அவர் மறைந்தார். தாசில் பள்ளிகள் 1836இல் மூடப்பட்டன. பின்னர் வந்த மானிய முறையில் திண்ணைப் பள்ளிகள் ஒவ்வொன்றாகத் துறையின் வரம்புக்குள் வந்து, உருமாறி, தம் பெயரையும் இழந்தன. 1882ஆம் ஆண்டு ஹண்டர் குழு, முஸ்லிம்களின் மரபுப் பள்ளிகள் உலகியற் பாடங்களையும் சேர்த்துக்கொள்ள ஊக்கமளிக்க வேண்டும் என்றும், முஸ்லிம் ஆய்வாளர்களைக் கூடுதலாக நியமிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அறுபது ஆண்டு தாழ்த்தேனும் கேட்க வேண்டியவரிடம் கேட்கத் தோன்றியது நன்றே. அதற்குள் நம்மவர் பலர் வேறு வழியில் நடந்துவிட்டிருந்தனர். வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (1831-1919) தொடங்கிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரசின் மானியத்தை எதிர்பாராது வளர்ந்தது. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1902இல் சென்னையில் தோன்றியது.

இங்கே காந்தியடிகளின் உவமையை நாம் சற்று நீட்டிப் பார்க்கலாம். தோண்டிப் பார்க்கப்பட்ட மரம் பட்டுப்போயிற்று என்றால், தோண்டப்படாத மரம் எங்கே? அது இன்றும் நிற்கிறது. திண்ணைப் பள்ளி ஒரு நினைவாகிவிட்டது. ஓதற்பள்ளியோ ராயபுரத்துச் சந்துகளில் அஸருக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னும் இன்றும் ஒலிக்கிறது. பட்டியலில் ஏறாமையே அதற்கு அரணாயிற்று. இதனைக் கண்டு நாம் மகிழலாம், மகிழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. ஏனெனில் அவ்வரணுக்கு நாம் கொடுத்த விலையும் பெரிது. பதிவில்லாத இடத்தில் ஒப்பீடு இல்லை; ஒப்பீடு இல்லாத இடத்தில் திருத்தம் மெதுவாகவே வரும். பிள்ளைகளுக்கு விளங்காமலே ஓதக் கொடுக்கும் முறையும், அடித்துக் கற்பிக்கும் வழக்கமும், உஸ்தாதுக்கு நிலையான ஊதியம் இல்லாமையும் தலைமுறை தலைமுறையாகக் கேட்பாரின்றித் தொடர்ந்தன. ஆடம் கூறிய கடுஞ்சொல்லில் உண்மையே இல்லை என்று நெஞ்சைத் தொட்டு நாம் கூற முடியுமா?

நாம் எழுதாமல் விட்டதற்குக் கலெக்டரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. மன்றோ கேட்காவிட்டாலும் நம் ஜமாஅத்துகள் எழுதியிருக்கலாம். நிக்காஹ் பதிவேடு எழுதினோம். வக்ஃபுச் சொத்தின் வரவுசெலவு எழுதினோம். மையத்துக் கணக்கும் எழுதினோம். எந்தப் பிள்ளை எந்த ஆண்டில் எவரிடம் குர்ஆனை முடித்தது என்பதை எழுதிவைத்த மஹல்லாக்கள் எத்தனை? தத்தம் வீட்டு முற்றத்தில் தெருவுப் பிள்ளைகளைக் கூட்டி, அடுப்பில் ஒரு கண்ணும் பிள்ளைகள் மீது மறு கண்ணுமாக அலிஃப், பே சொல்லிக்கொடுத்த உஸ்தாதுபீமார் எத்தனை பேர்? அவர்களிடம் ஓதியவர்களே அவர்கள் பெயரை மறந்துவிட்டனர். 1,690 என்ற எண்ணுக்குப் பின்னே நிற்கும் ஆசிரியர்களுள் இத்தகைய பெண்கள் எத்தனை பேர் என்று சொல்ல நம்மிடமே ஏடில்லை. 'ஓது' என்ற கட்டளையோடும் எழுதுகோலின் நினைவூட்டலோடும் தொடங்கிய மார்க்கத்தின் மக்கள், ஓதுவதைக் காத்த அளவுக்கு எழுதுவதைக் காக்கவில்லை.

எனவே தரம்பாலின் நூலை மூடும்போது நம் முன் நிற்கும் பணி தெளிவானது. அந்நூலைப் பொற்காலத்துக்கான சான்றிதழாக ஏந்தித் திரிவதும், நம் பெயருக்கு நேரே உள்ள சிறிய எண்ணைக் கண்டு தலைகுனிவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இரண்டுமே பிறர் வரைந்த கட்டத்தை இறுதித் தீர்ப்பாகக் கொள்கின்றன. கல்வித்துறையின் அடுத்த படிவம் வருமுன், ராயபுரம் தொட்டு எண்ணூர் வரை உள்ள மக்தபுகளின் ஏட்டை நம் மஹல்லாக்களே எழுதத் தொடங்கலாம். பிள்ளையின் பெயர், பகலில் பயிலும் பள்ளி, இங்கே ஓதுவது என்ன, அதில் விளங்கியது எவ்வளவு, கற்பிப்பவர் யார், அவருக்குக் கிடைப்பது என்ன என்று ஆறு கட்டங்கள் போதும். ஏழாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம்: கற்பித்தவருக்கு ஓதிக்கொடுத்தவர் யார்? முதியோர் உயிரோடு இருக்கும் இந்நாளில் கேட்டால், அந்தக் கட்டத்தில் சில பெண்களின் பெயர்களாவது வந்து சேரும்.